சிக்னேச்சர் கிட்டார் வாங்கலாமா, இல்லை பெயருக்குத்தான் காசு கொடுக்கிறோமா?

தாம்பரம்தாளம்:

வணக்கம் மக்களே. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இப்போதுதான் கேள்வி கேட்க வருகிறேன்.

கையில் இருப்பது யமஹா பசிஃபிகா 112 என்ற எலக்ட்ரிக் கிட்டார். காலேஜ் முடித்த புதிதில் வாங்கியது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் முதல் ஐந்தாறு ஃப்ரெட்கள் (நெக் எனும் கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) நன்றாகத் தேய்ந்துவிட்டன, எப்படியும் செலவு செய்யத்தான் வேண்டும், அதற்குப் பதில் ஒரு நல்ல கிட்டாருக்கே மாறிவிடலாம் என்று ஒரு லட்சம் வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு சர்ச்சில் வாசிக்கிறேன், மற்ற நாட்களில் வீட்டில் ஹெட்ஃபோனோடு. பெரும்பாலும் க்ளீன் டோன்தான். கொஞ்சம் டிலே, கொஞ்சம் ரிவர்ப், எப்போதாவது லேசான ஓவர்டிரைவ்.

கண் விழுந்திருப்பது பி.ஆர்.எஸ். கம்பெனியின் விலை குறைந்த எஸ்.இ. வரிசையில் வரும் சில்வர் ஸ்கை மேல். அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜான் மேயரின் சிக்னேச்சர் மாடல், அதாவது அவர் கேட்டபடி செய்து அவர் பெயரில் விற்பது. 2018-இல் வந்த அமெரிக்கத் தயாரிப்பு அப்போதே 2,299 டாலர், அது நம் கணக்கில் வராது. 2022-இல் இந்தோனேசியாவில் செய்து 849 டாலருக்கு ஒன்றை விட்டார்களே, அதைத்தான் சொல்கிறேன். இங்கே வந்து இறங்கும்போது வரி அது இது என்று எல்லாம் ஏறி, என் பட்ஜெட்டின் விளிம்பில் வந்து நிற்கிறது.

பேஸ் வாசிக்கும் என் மச்சான் இதைக் கேட்டதிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறான். "எவனோ ஒருத்தன் கையெழுத்துக்கு நீ ஏன்டா இ.எம்.ஐ. கட்டுற?" என்கிறான். எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருக்கிறது. மேயர் வாசிப்பது பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அவரைப் போல வாசிக்க வேண்டும் என்று இதை வாங்க நினைக்கவில்லை. இந்த மாதிரி மாடல்களில் நாம் கொடுக்கும் பணத்துக்கு உண்மையில் கூடுதலாக ஏதாவது கிடைக்கிறதா, இல்லை சாதாரண ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை) ஒன்றை வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தில் கிட்டார் சத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் ஒரு நல்ல ஆம்ப் பார்ப்பது புத்திசாலித்தனமா? சிக்னேச்சர் கிட்டார் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

மேடைப்புழுதி:

வேண்டாம் ப்ரோ. உங்கள் மச்சான் சொல்வது சரி.

நான் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவன். ஒரே மேடையில் எண்பதுகளின் டூயட்டும் வரும், குத்துப்பாட்டும் வரும், நடுவில் யாராவது துண்டுச்சீட்டு அனுப்பி ராக் பாட்டு கேட்பார்கள். அதற்கெல்லாம் பொதுவான ஒரு கிட்டார் வேண்டும். சிக்னேச்சர் என்பது அதற்கு நேரெதிர், ஒரு ஆளுக்கு எது தேவையோ அதை மட்டும் விட்டுவைத்துவிட்டு மற்றதைத் தூக்கி எறிந்த சரக்கு. பிளிங்க்-182 பேண்டின் டாம் டிலாங்குக்கு ஃபெண்டர் 2001-இல் ஒரு ஸ்ட்ராட் போட்டார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் தடித்த சத்தம் தரும் வகை), ஒரே ஒரு வால்யூம் குமிழ், கதை முடிந்தது. அவருடைய பாட்டுக்கு அது போதும். நான் அதை எடுத்துக்கொண்டு மேடை ஏறினால் இரண்டாவது பாட்டிலேயே கீபோர்டு மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

இன்னொன்று, பெயருக்கு என்று ஒரு பங்கு விலையில் கட்டாயம் இருக்கும். அந்தப் பங்கு உங்கள் கிட்டாரின் மரத்திலும் இல்லை, பிக்கப்பிலும் இல்லை. ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையரில் கிளாசிக் வைப் '60s ஸ்ட்ராட் எடுங்கள், நல்லவராகப் பார்த்து கம்பி உயரம், சுருதி எல்லாம் சரிசெய்யும் ஒரு செட்டப் போடுங்கள், மிச்சக் காசுக்கு ஆம்ப் வாங்குங்கள். சர்ச்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கப் போவதில்லை.

மரத்தூள்:

கோயம்புத்தூரில் கிட்டார் ரிப்பேர், செட்டப் வேலை பார்க்கிறேன். விற்பனை கிடையாது, அதனால் எந்தக் கம்பெனிக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மேடைப்புழுதி அண்ணன் சொன்ன டிலாங் உதாரணம் சரிதான், ஆனால் அது ஒரு கடைக்கோடி. எல்லா சிக்னேச்சரும் அப்படி இல்லை. ஒரு சிக்னேச்சர் மாடல் என் மேசைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது, கலைஞர் கேட்டு வாங்கிய மாற்றம் என்ன என்பதைத்தான். ஸ்டிக்கரும் நிறமும் மட்டும் மாறியிருந்தால் அது வெறும் பெயர்தான், அதே கம்பெனியின் சாதாரண மாடலை வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் சில மாடல்களில் அந்தக் கலைஞர் பல வருடமாகப் பட்ட எரிச்சல் ஒன்றைத் தீர்த்து வைத்திருப்பார். கிட்டார் கலைஞர் எரிக் ஜான்சன் பெயரில் வரும் ஸ்ட்ராட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாணி ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு (கம்பிகள் உடம்பில் வந்து உட்காரும் பிரிட்ஜை ஒட்டி இருப்பது) டோன் கண்ட்ரோல் கிடையாது, காதைக் குத்தும் சத்தம், குறைக்க வழியில்லை. அவர் மாடலில் அந்த பிக்கப்புக்கு டோன் குமிழைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வயரை மாற்றிப் பற்றவைக்கும் வேலைதான், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, வாசிக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கை சொல்லும்.

எரிக் கிளாப்டன் ஸ்ட்ராட்டும் அப்படித்தான். 1988-இல் வந்தது, ஃபெண்டர் ஒரு கலைஞர் பெயரில் போட்ட முதல் சிக்னேச்சர் அது. உள்ளே நடு அலைவரிசைகளை ஏற்றும் 25 டெசிபல் மிட் பூஸ்ட் சர்க்யூட் ஒன்று இருக்கும். குமிழை ஏற்ற ஏற்ற மெல்லிய சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) சத்தம் தடித்துக்கொண்டே போய் ஹம்பக்கருக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அவருக்கு ஒரே கிட்டாரில் இரண்டும் வேண்டியிருந்தது, கேட்டார், செய்து கொடுத்தார்கள். ஆனால் அதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்காமல் ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் தூங்கினால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும், ஒருநாள் மேடையில் சத்தம் வராது. "கிட்டார் செத்துப்போச்சு" என்று ஆக்டிவ் சர்க்யூட் கிட்டாரோடு பதறிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் எடுப்பது ஸ்க்ரூடிரைவர் இல்லை, புது பேட்டரி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சில்வர் ஸ்கையில் மேயர் கேட்டது என்ன? 1963, 64 காலத்து ஸ்ட்ராட்டின் உருண்டையான நெக், பழைய மாதிரி மூன்று சிங்கிள் காயில், ஆனால் இன்றைய காலத்துத் துல்லியத்தோடு. அவ்வளவுதான். விசித்திரமாக எதுவும் கிடையாது, உறுமும் டிராகன் படமும் கிடையாது. முன்பக்கம் பார்த்தால் மேயர் பெயரே இருக்காது. அதனால் "ஒரே பாட்டுக்கு மட்டும் ஆகும் கிட்டார்" என்ற பயம் இந்த மாடலுக்குப் பொருந்தாது. இது அடிப்படையில் ஒரு ஸ்ட்ராட்தான். 2018-இல் இந்த கிட்டாரின் புகைப்படம் வெளியானபோது ஊரே அதைச் சொல்லித்தான் கிண்டலடித்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு, ஃப்ரெட்போர்டு ரேடியஸ், அதாவது ஃப்ரெட்கள் பதித்த பலகையின் வளைவு. எண் சின்னதாக இருந்தால் ஃப்ரெட்போர்டு அதிகம் வளைந்திருக்கும், பெரிதாக இருந்தால் தட்டையாக இருக்கும். அமெரிக்க சில்வர் ஸ்கை 7.25 அங்குலம், பழைய ஃபெண்டர் அளவு. எஸ்.இ. 8.5. இன்றைய ஃபெண்டர்கள் பெரும்பாலும் 9.5, கிப்சன் 12. உங்கள் பசிஃபிகா 13.75! அதாவது நீங்கள் இத்தனை நாள் கிட்டத்தட்டத் தட்டையான பலகையில் வாசித்துப் பழகியவர். எஸ்.இ.-யைக் கையில் எடுத்ததும் கீழே பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துவது) பிடிக்கும்போது "ஆஹா, விரல் தானாகப் போய் உட்காருகிறதே" என்று தோன்றும். மேலே 15-ஆவது ஃப்ரெட்டில் முதல் கம்பியை ஒரு முழு ஸ்வரத்துக்கு இழுத்துப் பாருங்கள். ஆக்ஷனை, அதாவது கம்பியின் உயரத்தை, ரொம்பத் தாழ்த்தி வைத்திருந்தால் கம்பி வளைவின் உச்சிக்கு ஏறும்போது முன்னால் இருக்கும் ஃப்ரெட்டில் முட்டி, நோட் பாதியிலேயே அடங்கிவிடும். 12-ஆவது ஃப்ரெட்டில் முதல் கம்பியை 1.6, 1.7 மில்லிமீட்டருக்கு ஏற்றி வைத்தால் சரியாகிவிடும், ஆனால் உங்கள் கைக்கு அது முதலில் உயரமாகத் தெரியும். மேயர் கட்டைவிரலை மேலே கொண்டுவந்து பேஸ் கம்பியை அழுத்துகிற ஆள், அந்த வாசிப்புக்கு உருண்டை நெக்கும் வளைந்த பலகையும் சொர்க்கம். உங்கள் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கார்பரோக்காரன்:

நான் கன வருசமாக ஒரு சிக்னேச்சர் வைத்திருக்கிறேன், அதனால் என் பங்குக்கு ஒன்று.

டைனோசர் ஜூனியர் பேண்டின் ஜே மாஸ்கிஸ் பெயரில் வந்த ஸ்குவையர் ஜாஸ்மாஸ்டர். 2011-இல் வந்தது. அந்த ஆளின் பாட்டை நான் பெரிதாகக் கேட்டதே இல்லை, இங்கே ஒரு பழைய சாமான் கடையில் தொங்கிக்கொண்டு இருந்தது, தங்க நிற பிக்கார்டு வடிவாக இருந்தது, எடுத்து வாசித்துப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது அது ஏன் அவ்வளவு நல்லாக வாசிக்குது என்று.

ஜாஸ்மாஸ்டர் 1958-இல் வந்த கிட்டார். அதில் பழைய நோய் ஒன்று இருக்கு. பிரிட்ஜுக்கும் பின்னால் இருக்கிற ட்ரெமலோ (கம்பியைத் தளர்த்திச் சுருதியை ஆட்டும் கைப்பிடி) தகட்டுக்கும் நடுவில் தூரம் கூட, அதனால் கம்பி பிரிட்ஜின் மேல் போதிய அழுத்தம் இல்லாமல் போகுது. கொஞ்சம் வேகமாக அடித்தால் கம்பி பள்ளத்தை விட்டு வெளியில் துள்ளும், சும்மா இருக்கும்போதும் கிர்ர் என்று ஒரு இரைச்சல். ஜாஸ்மாஸ்டர் வாங்கிய கனபேர் முதல் வேலையாக பிரிட்ஜை மாற்றுவார்கள், அது ஒரு தனிச் செலவு, தனிச் சோலி. மாஸ்கிஸ் மாடலில் ட்ரெமலோவை பிரிட்ஜுக்குக் கிட்டவாக நகர்த்தி, பிரிட்ஜையும் கிப்சன் மாதிரியான அட்ஜஸ்டோமேட்டிக்காக மாற்றி, ஜம்போ ஃப்ரெட் போட்டு, கடையிலிருந்தே சரிசெய்துதான் தந்தார்கள். அதுவும் ஸ்குவையர் விலையில். பாடி பாஸ்வுட்தான், ஒரு ஆடம்பரமும் இல்லை. அந்தக் காலத்தில் மற்ற ஜாஸ்மாஸ்டரை விட்டுவிட்டு இதை எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மாஸ்கிஸ் யாரென்று தெரியாது என்று பந்தயம் கட்டுவேன்.

எனவே பெயருக்குக் காசு கொடுக்கிறோம் என்பது எல்லா இடத்திலும் உண்மை இல்லை. சில நேரம் அந்தப் பெயர் இருக்கிறதால்தான் கம்பெனி பழைய வரைபடத்தைத் திருத்த ஒத்துக்கொள்ளுது. சாதாரண மாடலில் போய் அந்த ட்ரெமலோவை நகர்த்தினால் பழமைவாதிகள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

வால்வுவாசனை:

தம்பிகளா, சிக்னேச்சர் என்றாலே மட்டம் என்று பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் கேட்பது: லெஸ் பால் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் இன்னொருத்தர் பெயருக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். லெஸ் பால் என்பது ஒரு மனிதர். 1952-இல் கிப்சன் அவர் பெயரைப் போட்டு விற்றார்கள், அன்றைக்கு அவரும் மேரி ஃபோர்டும் அமெரிக்க ரேடியோவில் கொடிகட்டிப் பறந்த ஜோடி. இன்றைக்கு அந்தப் பெயரை யாரும் ஆளாகவே நினைப்பதில்லை, கிட்டாரின் வடிவத்துக்குப் பெயர் ஆகிவிட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1952 மாடலில் லெஸ் பாலே வடிவமைத்துக் கொடுத்தது, கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் அந்த டிரபீஸ் டெய்ல்பீஸ். நெக் சாய்வு போதாததால் கம்பிகளை அந்தக் குறுக்குக் கம்பியின் மேலே ஓட்ட முடியவில்லை, அடியில் விட்டு இழுத்தார்கள். உள்ளங்கையை வைத்து மியூட் பண்ண முடியாது, கம்பி கீழே போய்விட்டதே! சீக்கிரமே அதைத் தூக்கிவிட்டு வேறு பிரிட்ஜ் போட்டார்கள். அதாவது உலகத்திலேயே பிரபலமான சிக்னேச்சர் கிட்டாரில், கலைஞரின் சொந்தப் பங்குதான் முதலில் குப்பைக்குப் போனது. அப்புறம் 1961-இல் உடம்பையே மாற்றி இரட்டைக் கொம்பு வடிவம் ஆக்கினார்கள், அது அவருக்குப் பிடிக்கவில்லை, 1963 வாக்கில் பெயரும் போய்விட்டது, இன்று எஸ்.ஜி. என்கிறோமே அதுதான். 1968-இல் பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இத்தனைக்கும் பிறகு லெஸ் பால் தன் பெயர் போட்ட கிட்டாரையே பிரித்து, தனக்கு வேண்டிய பிக்கப்பைப் போட்டுக்கொண்டுதான் வாசித்தார்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் லூசில் கிட்டார். அவர் வாசித்தது உள்ளே கூடு உள்ள கிட்டார், சத்தம் ஏற்றினால் ஊளையிடும், அதனால் எஃப் வடிவத் துளைகளில் துணியை அடைத்துக்கொண்டு வாசித்தார் என்பார்கள். 1980-இல் கிப்சன் அவர் பெயரில் செய்தபோது அந்தத் துளைகளையே எடுத்துவிட்டார்கள். கலைஞர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த வழி, கிட்டாராகவே ஆகிவிட்டது. இந்த மாதிரி ஒன்றை வாங்கினால் காசு வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

வீணைவிரல்:

நான் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன், அதனால் என் கணக்கு உங்கள் எல்லோரையும்விட வேறு.

கமகத்துக்குக் கம்பியை இழுக்க வேண்டும், இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் ஒரு தோடி வாசித்தால் விரல் நுனிக்கு என்ன ஆகும் என்று வாசித்தவர்களுக்குத் தெரியும். சாதாரண ஃப்ரெட்போர்டில் விரல் மரத்தில் உரசும். அதனால் ஃப்ரெட்களுக்கு நடுவில் மரத்தைக் குடைந்த ஸ்காலப் நெக் தேடினேன். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கும் இல்லையா, விரலுக்கு அடியில் காற்றுதான் இருக்கும், அந்த உணர்வு ஸ்காலப் நெக்கில் ஓரளவு வருகிறது. இந்திய இசையும் ஜாஸும் கலந்த சக்தி குழுவில் ஜான் மெக்லாஃப்லின் எழுபதுகளில் வாசித்ததும் ஸ்காலப் செய்த, கூடுதல் அதிர்வுக் கம்பிகள் பூட்டிய அக்கூஸ்டிக்தான்.

உள்ளூரில் ஒருவரிடம் கொடுத்துக் குடைந்துகொள்ளலாம். ஆனால் ஒரு மில்லிமீட்டர் அதிகமாகப் போனால் நெக் போச்சு, எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. தொழிற்சாலையிலேயே செய்து வருவது என்று பார்த்தால் எனக்குக் கிடைத்த வழிகள் இரண்டுமே சிக்னேச்சர்தான். ஒன்று, 1988-இலேயே வந்த இங்வே மால்ம்ஸ்டீன் ஸ்ட்ராட். இன்னொன்று, ரிச்சி பிளாக்மோர் ஸ்ட்ராட், அதில் நடு பிக்கப் இருக்கும் இடத்தில் வெறும் மூடிதான் இருக்கும், உள்ளே ஒன்றும் கிடையாது, அவர் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதால்! எனக்கு அந்த ஹெவி மெட்டல் உலகத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான் மால்ம்ஸ்டீன் ஸ்ட்ராட்டை எடுத்தேன். சபாவில் வாசிக்கும்போது கிட்டாரின் தலைப்பகுதியில் இருக்கும் பெயரைப் பார்த்து ஒரு இளைஞர் "மேடம் நீங்க மால்ம்ஸ்டீன் ஃபேனா?" என்று கேட்டார், சிரித்துக்கொண்டேன்.

ஒரு எச்சரிக்கை, ஸ்காலப் நெக்கில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும். தனி வாசிப்பில் அது கட்டுப்பாடு, கார்டு பிடித்தால் அதுவே தலைவலி. தாம்பரம் தம்பிக்கு இது தேவையே இல்லை. கலைஞரைப் பார்க்காமல் அவர் கேட்டு வாங்கிய மாற்றத்தைப் பாருங்கள் என்று மரத்தூள் சொன்னாரே, அதற்கு இன்னொரு சாட்சியாகத்தான் எழுதினேன்.

தாம்பரம்தாளம்:

அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ரேடியஸ் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, நேற்று இரவு பசிஃபிகாவை எடுத்து வைத்துக்கொண்டு என் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பெரும்பாலும் நெக்குக்குப் பின்னால்தான் இருக்கிறது, ஆனால் டி மேஜருக்கும் எஃப்-க்கும் மேலே வந்துவிடுகிறது. பாதி மேயர்!

இரண்டு சந்தேகம். நாளைக்கு மேயர் பி.ஆர்.எஸ்.-ஐ விட்டுப் போய்விட்டால் இந்த கிட்டாரின் கதி என்ன? விற்கப் போனால் யாராவது வாங்குவார்களா? இன்னொன்று, எஸ்.இ.-க்கும் அமெரிக்க மாடலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ரேடியஸோடு முடிகிறதா?

மேடைப்புழுதி:

மேயர் ஏற்கனவே ஒருமுறை அப்படிப் போனவர்தானே. 2005-இல் ஃபெண்டரில் அவர் பெயரில் ஸ்ட்ராட் இருந்தது, அவர் வெளியே வந்ததும் அது நின்றுபோனது. இதைத்தான் நான் சொல்கிறேன். கல்யாணமும் விவாகரத்தும் அவர்களுக்குள், பாத்திரம் பண்டம் நம் வீட்டில்.

மரத்தூள்:

அண்ணே, நின்றுபோன அந்த மேயர் ஸ்ட்ராட்டை இன்றைக்கும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கலைஞர் போவதால் கிட்டார் செத்துவிடாது, கிட்டார் நன்றாக இருந்தால்.

இதற்கு இதைவிட நல்ல உதாரணம் ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன். 1991-இல் மியூசிக் மேன் கம்பெனி அவரோடு சேர்ந்து ஒரு கிட்டார் செய்தார்கள். 1995-இல் அவர் பீவி என்ற இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டார். மியூசிக் மேன் என்ன செய்தார்கள்? பெயரை எடுத்துவிட்டு ஆக்சிஸ் என்று வைத்துக்கொண்டு அதே கிட்டாரைத் தொடர்ந்து விற்றார்கள். இன்று வரை ஆக்சிஸ் இருக்கிறது. பெயரைத் துடைத்த பிறகும் ஒரு கிட்டார் கடையில் நிற்கிறது என்றால் அது சொந்தக் காலில் நிற்கும் கிட்டார். ஐபனேஸ் ஜெம் விஷயத்திலும் பாருங்கள், 1987-இல் ஸ்டீவ் வாய் என்ற கலைஞருக்காகச் செய்ததில் அந்தக் கைப்பிடி ஓட்டையையும் அலங்காரங்களையும் விட்டுவிட்டு மற்றதை வைத்துத்தான் அதே வருடம் ஆர்.ஜி. வரிசை வந்தது. ஜெம் வாங்க நினைக்கும் பையன்கள் என்னிடம் வந்தால் முதலில் ஒரு ஆர்.ஜி. 550 வாசித்துவிட்டு வா என்பேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை, ஆர்.ஜி.-யோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீங்களும் சில்வர் ஸ்கையில் மேயரை மறந்துவிட்டுப் பாருங்கள். 8.5 ரேடியஸ், உருண்டை நெக், மூன்று சிங்கிள் காயில், பாப்ளர் பாடி, ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு, 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). இப்படி ஒரு பெயரில்லாத கிட்டார் அதே விலைக்கு இருந்தால் வாங்குவீர்களா?

மறுவிற்பனை பற்றிச் சொன்னால், நம் ஊர் செகண்ட் ஹேண்ட் சந்தை சின்னது. கருப்பு, வெள்ளை, சன்பர்ஸ்ட் ஸ்ட்ராட் என்றால் நாளைக்கே போகும். சிக்னேச்சருக்கு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும், ஆனால் வருகிற ஆள் அதைத் தேடித்தான் வருவார், அநியாயத்துக்குப் பேரம் பேசமாட்டார். லாபம் வரும் என்று மட்டும் எண்ணாதீர்கள். கிளாப்டனின் பிளாக்கி என்ற ஸ்ட்ராட் 2004-இல் 9,59,500 டாலருக்கும், பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோரின் கருப்பு ஸ்ட்ராட் 2019-இல் 39,75,000 டாலருக்கும் ஏலம் போனது அவர்கள் வாசித்த கிட்டார் என்பதால். அதே பெயரில் கடையில் தொங்குவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சில பேர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு லிமிடெட் எடிஷன் தேடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

எஸ்.இ. அமெரிக்க மாடல் வித்தியாசம்: ட்யூனர் (கம்பியை முறுக்கும் திருகு) அமெரிக்க மாடலில் கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் லாக்கிங் வகை, எஸ்.இ.-யில் சாதாரண பழைய பாணி. ட்ரெமலோ எஸ்.இ.-யில் இரண்டு போல்ட்டில் நிற்பது, வேறு வடிவமைப்பு. நட் (நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள துண்டு), உலோகப் பாகங்கள் எல்லாம் ஒரு படி கீழே. பிக்கப்பும் ஒன்றல்ல, ஆனால் குடும்ப ஜாடை இருக்கிறது. என் கருத்து, இந்த விலை வித்தியாசத்தில் கைக்குத் தெரிவது ஃப்ரெட் முனைகளின் பினிஷிங்தான். அதை ஒரு நல்ல ரிப்பேர்காரர் ஒரு மத்தியான நேரத்தில் சரிசெய்துவிடுவார். இன்னும் சொல்லப்போனால், உங்களைப் போலத் தட்டை நெக்கிலிருந்து வருகிறவருக்கு 7.25-ஐவிட 8.5 தான் வசதி, விலை குறைந்ததே நல்லதாக அமைந்துவிட்டது.

ஸ்கார்பரோக்காரன்:

நெக் விஷயத்தில் மரத்தூளை ஆமோதிக்கிறேன். கையால் பிடித்துப் பார்க்காமல் மட்டும் ஆன்லைனில் சொடுக்கிவிடாதீர்கள். இங்கே பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம், உங்களுக்கு அந்த வசதி எப்படி என்று கடைக்காரரிடம் முன்னமே கேட்டு வையுங்கள். நானும் ஒருமுறை வேறொரு பிரபலத்தின் கிட்டார் ஒன்றைக் கடையில் எடுத்துப் பார்த்தேன், படத்தில் அவ்வளவு வடிவு, கையில் எடுத்தால் நெக் கட்டை மாதிரித் தடிப்பு, அந்த ஆளுக்குக் கை பெரிதாம். அந்த இடத்திலேயே தொங்க விட்டுவிட்டு வந்தேன்.

வால்வுவாசனை:

ஆம்ப் பற்றி யாரும் பேசவில்லையே. தம்பி சர்ச்சில் எதில் வாசிக்கிறார்? நேராக மிக்ஸரில் சொருகுவதாக இருந்தால் இந்த விவாதம் முழுக்க வீண். எந்த சிங்கிள் காயிலும் நேராக மிக்ஸருக்குள் போனால் தகரம் தட்டுகிற மாதிரித்தான் கேட்கும், அதில் மேயர் பெயர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. முதலில் அதைச் சொல்லுங்கள்.

தாம்பரம்தாளம்:

மாடலர் பெடல் ஒன்று இருக்கிறது சார், அதில் ஆம்ப், கேபினெட் சிமுலேஷன் போட்டுத்தான் மிக்ஸருக்குப் போகிறது. சவுண்டு அண்ணன் என்னை எப்போதும் கீழேதான் வைத்திருப்பார், அது வேறு கதை.

மரத்தூள் அண்ணா கேட்ட கேள்விக்கு யோசித்தேன். பெயர் இல்லாவிட்டாலும் வாங்குவேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதை வாசிக்காமல் சொல்ல முடியாது. சனிக்கிழமை நகரத்துக்குள் போகிறேன், ஒரு கடையில் எஸ்.இ. சில்வர் ஸ்கை இருப்பதாகச் சொன்னார்கள், அதே கடையில் கிளாசிக் வைப் ஸ்ட்ராட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்ப்பேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொன்னால் குறித்துக்கொள்வேன். மச்சானும் வருகிறான், அவன் வாயை அடைக்க வேண்டும்.

மரத்தூள்:

இரண்டு கிட்டாரிலும் ஒரே தடிமன் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள், ஒன்றில் 9-உம் இன்னொன்றில் 10-உம் இருந்தால் உங்கள் கை பொய் சொல்லும். கடையில் ரொம்ப நாள் தொங்கியதாக இருந்தால் கம்பி துருப்பிடித்திருக்கும், சென்னைக் காற்றில் அது சீக்கிரம் நடக்கும், புதுக் கம்பி போட்டுத் தரச் சொல்லுங்கள், காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். நெக்கின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். ஏ.சி. அறையில் வெகுநாள் இருந்து மரம் காய்ந்திருந்தால் ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ட்ரெமலோவை நான்கைந்து தடவை அழுத்திவிட்டு ட்யூனர் கருவியில் சுருதியைப் பாருங்கள், மூன்றாவது கம்பி மட்டும் ஒவ்வொரு முறையும் விலகினால் பெரும்பாலும் நட் பள்ளம் இறுக்கம், அது சின்ன வேலை, அதற்காகக் கிட்டாரை ஒதுக்கிவிடாதீர்கள். 15-ஆவது ஃப்ரெட்டில் கம்பியை இழுத்துப் பார்க்க மறக்க வேண்டாம். கட்டைவிரலை மேலே போட்டு ஒரு எஃப் பிடித்து, ஒரு பாட்டு முழுக்க அப்படியே வாசியுங்கள், கை வலிக்கிறதா என்று.

மேடைப்புழுதி:

ஆம்பில் ரிவர்பை முழுக்க அணைத்துவிட்டு வாசிங்க ப்ரோ. கடைக்காரர் எப்பவும் ஏற்றித்தான் வைத்திருப்பார், அதில் எந்தக் கிட்டாரும் இனிக்கும்.